போத்தல் வைத்தியம்

நல்லூர்க் கொடியேறினால் எங்கள் கராஜுக்கு இரண்டு சாமான் வரும். ஒன்று, வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் ஊர் சுற்றுவதற்காகத் தூசி தட்டி வெளியில் எடுத்த பழைய கார். மற்றது, அதே சொந்தக்காரரின் சூட்கேசில் சொக்லேற்றோடும் வாசனைச் சோப்போடும் சேர்ந்து பறந்து வந்த எண்ணெய்ப் போத்தல். ஸ்காபரோவிலோ ஹரோவிலோ ஒரு கடைத்தட்டில் அதைக் கண்டிருப்பார். கியர் வழுக்குகிறதா, அதிர்கிறதா, ஒழுகுகிறதா, எல்லாத்துக்கும் இந்தப் போத்தல் ஒன்று காணும் என்று அதில் அச்சடித்திருக்கும். ஊரில் நிற்கிற அண்ணனின் கார் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும்.

"அண்ணை, உதை ஊத்தினால் சரிவருமோ?"

இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லுகிற மெக்கானிக்கிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள். 'ஊத்துங்கோ' என்பவன் போத்தல் விற்கிறவன். 'கூடவே கூடாது' என்பவன் கியர்ப் பெட்டி விற்கிறவன். கொக்குவிலில் கராஜ் வைத்திருக்கிற எனக்கு இரண்டு வியாபாரமும் கிடைக்கும், ஆகவே இரண்டு பக்கத்து ஆசையும் தெரியும். நான் முதலில் கேட்பது, எந்தக் கார், உள்ளே என்ன பெட்டி, என்ன வருத்தம் என்பதைத்தான். போத்தலை அதற்குப் பிறகுதான் கையில் வாங்குவேன்.

எங்கள் ஆட்களுக்குக் கலவையில் இருக்கிற நம்பிக்கை சும்மா வந்ததல்ல. நான் தொழில் பழகினதே கலவையில்தான். 1990 ஜூனில் மறுபடி சண்டை தொடங்கியதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. மண்ணெண்ணெய்தான் அளந்து அளந்து கிடைத்தது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் என்று வாடகைக்கு ஓடிய கிழட்டுக் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெய்க்கு மாறின. சின்னச் சூப்பிப் போத்தலில் பத்திரப்படுத்தின சொட்டுப் பெற்றோலைக் கார்புரேற்றருக்குள் பீச்சி ஸ்ரார்ட் பண்ண வேண்டும். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிட வேண்டும். வெள்ளைப் புகை கிளம்பும், கண் எரியும், ஆனால் கார் கொடிகாமம் வரை போய்த் திரும்பி வரும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரால் வடிந்து எஞ்சின் எண்ணெயோடு சேரும். அதனால் குச்சியை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். புதுப் பெடியள் அதைக் கண்டு சந்தோசப்படுவார்கள். எனக்குத் தொழில் சொல்லித்தந்த பெரியவர் குச்சியில் இருந்ததை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்து மணந்து பார்த்துவிட்டு, "உது விளக்குக்கு ஊத்துறது, வடியடா" என்பார்.

அந்தக் கார்கள் அதைத் தாங்கின. கை கியர்ப் பெட்டிக்குள் பல்லும் பல்லும்தான். தடித்த எண்ணெயோ, மெல்லிய எண்ணெயோ, இரண்டையும் கலந்ததோ, உறுமிக்கொண்டாவது ஓடும். வாகனம் எதைக் கொடுத்தாலும் குடிக்கும் என்ற எண்ணத்தோடுதான் நாங்கள் அந்தக் காலத்திலிருந்து வெளியில் வந்தோம். ஏ40ஐப் பொறுத்தவரை அது பிழையான எண்ணமும் அல்ல.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு நானும் சுற்றிச் சுழன்று கொழும்புக்குப் போய், பஞ்சிகாவத்தையில் யப்பான் கார்களின் ஒட்டோ கியர் பிரிக்கிற ஒருவரிடம் நின்றேன். 2002இல் ஏ9 வீதி திறந்ததும் ஊருக்கு வந்து சேர்ந்தேன். அப்போது இங்கே ஒட்டோ கார்கள் குறைவு. 2009க்குப் பிறகுதான் அவை வெள்ளமாக வந்தன. கொரொல்லா, சனி, அலியன், பிறீமியோ, அக்சியோ, ஃபிற், விற்ஸ், பிறகு வகன் ஆர். கிளச் மிதிக்கத் தேவையில்லை என்பதால் பெண்களும் ஓய்வுபெற்ற ஆட்களும் துணிந்து ஓட்டத் தொடங்கினார்கள். அதோடு புதுப் பழுதுகளும் வந்தன.

ஒட்டோ பெட்டியைப் பிரித்தால் உள்ளே கிளச் பிளேற்றுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒரு வெறும் உருக்குத் தட்டு, அடுத்தது மண்ணிறத் தாள் ஒட்டின தட்டு, பிறகு மறுபடி உருக்கு. அந்தத் தாள் உண்மையிலேயே தாள்தான்; மர நாரும் பிசினும் சேர்த்துச் செய்தது, பக்கத்துக்கு ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கூட வராது. நல்ல பிளேற்றை விரலால் தடவினால் மெல்லிய சொரசொரப்பு இருக்கும், எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும். வழுக்கி வழுக்கிச் சூடேறின பிளேற் கறுத்து, கண்ணாடி போட்டதுபோல மினுங்கும், நகத்தால் கீறினால் கரித்தூள் வரும். ஒரு ரன் காரை இழுத்துக்கொண்டு போகிற பலம் முழுவதும் இந்தத் தாளுக்கும் உருக்குக்கும் இடையில், எண்ணெயில் நனைந்தபடிதான் கைமாறுகிறது.

இதைக் கையில் கொடுத்துக் காட்டினால்தான் ஆட்களுக்குச் சங்கதி பிடிபடும். எஞ்சின் எண்ணெயின் முதல் வேலை வழுக்க வைப்பது. ஒட்டோ கியர் எண்ணெய் வழுக்கவும் வைக்க வேண்டும், பிடிக்கவும் விட வேண்டும். கியர் மாறுகிற அந்த அரைச் செக்கனில் பிளேற்றுகள் கொஞ்சம் வழுக்கி மெதுவாகச் சேர வேண்டும். சேர்ந்த பிறகு ஒட்டினபடி நிற்க வேண்டும். பிடி கூடினால் கார் வெட்டி இழுக்கும், அதிரும். பிடி குறைந்தால் எஞ்சின் மட்டும் உறுமும், கார் அசையாது. இதே எண்ணெய்தான் ரோர்க் கொன்வேர்ட்டருக்குள் சுழன்று எஞ்சினின் பலத்தைப் பெட்டிக்குக் கடத்துகிறது. வால்வ் பொடியின் நூல் துவாரங்களுக்குள்ளால் போய், பிளேற்றுகளை நெருக்குகிற பிஸ்ரனைத் தள்ளுகிறது. சூட்டை வாரிக்கொண்டு போய்க் கூலரில் கொட்டுகிறது. இந்தப் பெட்டியில் எண்ணெயும் ஒரு பாகம். அதற்குள் எண்ணெய் செய்தவனே பத்துப் பன்னிரண்டு விதமான மருந்துகளை அளந்து போட்டிருக்கிறான். மேலதிகமாகப் போத்தல் ஊற்றுகிறவர் அந்த அளவைத் தெரியாமல் மாற்றுகிறார்.

அளவைச் செய்தவர்களே அதில் இடறியிருக்கிறார்கள். 1940ஆம் ஆண்டு மொடல் ஓல்ட்ஸ்மொபீலில் ஜெனரல் மோட்டோர்ஸ் முழு ஒட்டோ பெட்டியைக் கொண்டுவந்தது. அந்தப் பெட்டிகளுக்காக வந்த எண்ணெய்களில் பிடியையும் வழுக்கலையும் சமன் செய்ய வெகுகாலம் பயன்பட்டது எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலைக்குள் இருந்து எடுத்த எண்ணெய். எங்கள் திருகோணமலைக் கடலில் இப்போது வள்ளம் வைத்துச் சுற்றுலாக்காரருக்குக் காட்டுகிற திமிங்கிலங்களில் அந்தச் சாதியும் உண்டு. எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கில எண்ணெயைத் தடை செய்தது. மாற்று மருந்தோடு ஜெனரல் மோட்டோர்ஸ் அவசரமாக இறக்கின டெக்ஸ்ரன் எண்ணெய் கூலர்க் குழாயின் ஈயப்பற்றை அரித்துவிட்டது. அரிப்புத் தடுக்கிற மருந்து சேர்த்து இன்னொன்றை இறக்க வேண்டி வந்தது. ஹொஹோபா விதையின் எண்ணெய், அமைப்பில், திமிங்கில எண்ணெய்க்கு மிகக் கிட்டியது என்று கண்டு, அதை வைத்துப் போத்தல் மருந்து செய்தவர்களும் உண்டு. ஆகவே போத்தல் எல்லாம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு காலத்தில் உண்மையான ஒரு குறை இருந்தது, அதற்கு அறிந்து செய்த மருந்தும் இருந்தது. அந்தக் குறை தீர்ந்து கனகாலம். மருந்து மட்டும் இன்னும் விற்கிறது.

எண்ணெய் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இன்னொரு கதை. 1989இல் கிறைஸ்லர் கொம்பனி கொம்பியூட்டர் கட்டுப்பாட்டோடு 4 கியர்ப் பெட்டி ஒன்றை இறக்கியது. அதற்கென்று சொந்த எண்ணெய் இருந்தது. ஆனால் அது கிடைக்காவிட்டால் டெக்ஸ்ரனும் விடலாம் என்று கைநூலில் எழுதிவிட்டார்கள். டெக்ஸ்ரன் கெட்ட எண்ணெயல்ல. இந்தப் பெட்டிக்குப் பொருந்தாத எண்ணெய். விட்டவர்களின் கார்கள் அதிரத் தொடங்கின. எண்ணெய் மாறினதற்கே இந்தப் பாடு.

இனிப் போத்தல் உதவின கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

உடுவில் பக்கத்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், கொரொல்லா 110 வைத்திருந்தார். 4 கியர் ஒட்டோ, டெக்ஸ்ரன் குடிக்கிற பெட்டி. காலையில் முதல்முறை ஸ்ரார்ட் பண்ணி 'டி'யில் போட்டால் கார் யோசிக்கும். மூன்று நாலு செக்கன் கழித்து ஒரு உதை உதைத்துப் புறப்படும். ஒருக்காச் சூடேறிவிட்டால் நாள் முழுக்கக் குறையில்லை.

"மாஸ்டர், எண்ணெய் மணக்கேல்லை, நிறமும் கெடேல்லை. பிளேற் நல்லாத்தான் கிடக்கு. உள்ளுக்கை றப்பர் சீல் இறுகிப்போச்சு."

"கழட்டினால் எவ்வளவு முடியும்?"

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் காரையே விற்றாலும் அந்தத் தொகை வராது.

பிஸ்ரனைச் சுற்றி இருக்கிற றப்பர் வளையங்கள் வயது போனால் இறுகிச் சுருங்கும். குளிரில் அவற்றின் ஓரத்தால் எண்ணெய் கசிய, அழுத்தம் ஏறப் பிந்தும். சூடேறினால் றப்பர் விரிந்து அடைத்துக்கொள்ளும். காலையில் மட்டும் வருகிற வருத்தத்துக்கு இதுதான் காரணம். ஒருவகைப் போத்தலில் இருக்கிறது றப்பரை ஊறவைத்து இளக்குகிற திரவம். வாத்தியாரின் பெட்டிக்கு அது பொருந்தியது. பழைய எண்ணெயில் அதே அளவை உறிஞ்சி எடுத்துவிட்டு அதை ஊற்றினேன். இரண்டு கிழமையில் காலைத் தயக்கம் குறைந்தது. பேந்து கனகாலம் அந்தக் கார் உடுவிலுக்கும் மருதனார்மடத்துச் சந்தைக்கும் இடையில் ஓடியது. கடைசியில் றப்பர் அளவுக்கு மிஞ்சி இளகி, அச்சுப் பக்கத்தால் ஒழுகத் தொடங்கியது. அப்படி ஆகும் என்று ஊற்றின அன்றே அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் மறக்கவில்லை, ஒழுகத் தொடங்கினதும் காரை விற்றுவிட்டார். வாங்கினவரிடமும் உள்ளதைச் சொல்லித்தான் விற்றார், வாத்தியார் அல்லவா.

இங்கே போத்தல் செய்த உதவி, முடியப்போகிற பெட்டிக்குத் தவணை வாங்கிக் கொடுத்தது. வருத்தம் சீலில் என்று தெரிந்திருந்தது, சொந்தக்காரருக்கும் விளைவு தெரிந்திருந்தது, இழக்கப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் நான் மறுப்பதில்லை.

சாவகச்சேரியிலிருந்து வந்த அக்சியோவின் கதை வேறு. அதில் இருந்தது சி.வி.ரி. பெட்டி. அதற்குள் கியர்ப் படிகளே இல்லை. கூம்பு வடிவக் கப்பிகள் இரண்டு, அவற்றுக்கிடையில் உருக்குப் பட்டி ஒன்று. அந்தப் பட்டி சில நூறு சின்ன உருக்குத் தகடுகளை அடுக்கி வளையத்தில் கோர்த்தது. கப்பி விரிந்து சுருங்கப் பட்டி மேலும் கீழும் ஏறி இறங்கும், வேகம் மாறும். ஒல்லாந்தரின் டாஃப் கொம்பனி 1958இலேயே இந்த யோசனையை றப்பர்ப் பட்டியோடு காரில் பூட்டி ஓட்டினது. இப்போது உருக்கில் உருக்கு உராய்ந்து நிற்கிறது. நடுவில் இருக்கிற எண்ணெய்ப் படலம்தான் அவை ஒன்றையொன்று தின்னாமலும் வழுக்கிவிடாமலும் காக்கிறது. சாதாரண ஒட்டோ எண்ணெய்கூட இதற்கு ஆகாது. ரொயோட்டாவுக்கு ஒரு சி.வி.ரி. எண்ணெய், நிசானுக்கு ஒன்று, ஹொண்டாவுக்கு இன்னொன்று.

அந்தக் காரில் புறப்படுகையில் சின்ன நடுக்கம் இருந்திருக்கிறது. ஒரு கடையில் 'வழுக்கல் நிப்பாட்டுற' தடித்த மருந்து என்று கொடுத்திருக்கிறார்கள். தேன் பதத்தில் இருப்பது. ஒட்டோ பெட்டிக்கு என்று எழுதியிருந்ததே தவிர, சி.வி.ரி.க்கு விடாதே என்ற சிறு எழுத்தை ஒருவரும் வாசிக்கவில்லை. அதுவும் நிறைந்திருந்த எண்ணெய்க்கு மேலே முழுப் போத்தல். அளவுக்கு மிஞ்சின எண்ணெய் சுழலுகிற பாகங்களில் பட்டு நுரைக்கும். நுரை காற்று; காற்றை அழுத்தலாம், அதனால் பிஸ்ரனை உறுதியாகத் தள்ள ஏலாது. கப்பியின் பிடி தளரும், பட்டி வழுக்கும். கார் என்னிடம் வந்தபோது கைதடிப் பாலத்தடியில் பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடிக்க அடிக்க ஊர்ந்து வந்ததாகச் சொன்னார்கள்.

பெட்டியின் அடியில் பூட்டின எண்ணெய்த் தட்டை, நாங்கள் பான் என்பதை, இறக்கினேன். பானின் அடியில் சின்னக் காந்தங்கள் சில ஒட்டியிருக்கும், உலோகத் தூளைப் பிடிப்பதற்காக. நல்ல பெட்டியில் அவற்றில் சாம்பல் நிற மெல்லிய பசை மட்டும் இருக்கும். துணியால் துடைத்தால் போய்விடும். இதில் காந்தம் தெரியாத அளவுக்குச் சேறு, அதற்குள் ஊசி ஊசியாக உருக்குச் சிராய்கள். கப்பியின் முகத்தில் வட்ட வட்டமாகக் கீறல். அதை மினுக்கித் திருத்துகிற வேலை குடாநாட்டில் ஒருவரிடமும் இல்லை. பஞ்சிகாவத்தையிலிருந்து யப்பானில் கழற்றின வேறு பெட்டி எடுப்பித்துத்தான் பூட்டினோம்.

முதல் நடுக்கத்துக்குப் போத்தல்தான் காரணம் என்று சொல்லவரவில்லை. அந்த எண்ணெய் யப்பானை விட்டு வந்த நாளிலிருந்து மாற்றப்படாமல் இருந்திருக்கும். அந்த நேரத்தில் சரியான எண்ணெயை மாற்றி, பில்டரையும் மாற்றியிருந்தால் நடுக்கம் நின்றிருக்க வாய்ப்பு நிறைய. அமெரிக்காவில் 2015க்குப் பிறகு வந்த ஜெனரல் மோட்டோர்சின் 8 கியர்ப் பெட்டிகளில் இதுபோன்ற நடுக்கம் பெரிய முறைப்பாடாக இருந்தது. எண்ணெய் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது என்று கண்டார்கள். 2019இல் அவர்கள் சொன்ன வைத்தியம், உள்ளிருக்கிற எண்ணெய் முழுவதையும் கழுவி எடுத்துவிட்டுப் புதுவகை எண்ணெய் நிரப்புவது. பெட்டியைச் செய்த கொம்பனியே, நடுக்கத்துக்குக் காரணம் எண்ணெய்தான் என்று தெரிந்த பிறகும், பழையதின் மேல் ஒரு போத்தல் ஊற்றிச் சமாளிக்கப் பார்க்கவில்லை.

எங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு வருத்தம் இருக்கிறது. அதைப் பற்றி எந்தப் போத்தலிலும் எழுதியிருக்காது. அது கிணற்றுத் தண்ணி.

குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. கொக்குவில், கோண்டாவில், உரும்பிராய்க் கிணறுகளின் தண்ணியைக் கேத்திலில் கொஞ்ச நாள் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளைத் தகடு பிடிக்கும். அதே தண்ணியைத்தான் வாளியில் அள்ளி றேடியேற்றருக்குள் ஊற்றுகிறார்கள். ஒட்டோ காரில் கியர் எண்ணெயின் கூலர் பெரும்பாலும் றேடியேற்றரின் அடித்தொட்டிக்குள்தான் இருக்கும். சுண்ணாம்பு அதைச் சுற்றித் தோல் போடும். எஞ்சின் சூட்டுமுள் நடுவில்தான் நிற்கும், ஆள் நிம்மதியாக ஓட்டுவார். கியர் எண்ணெய் மட்டும் உள்ளே வெந்துகொண்டிருக்கும். ஒட்டோ எண்ணெய்க்கு 80, 90 பாகை செல்சியஸ் சுகமான சூடு. அதற்கு மேலே ஒவ்வொரு பத்துப் பதினொரு பாகைக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கிற கணக்கு. ஏ9ஆல் கொழும்புக்கு 400 கிலோமீற்றர், மத்தியான வெயிலில், ஏசியைப் போட்டு, ஏழு பேரை ஏற்றிக்கொண்டு போகிற காருக்கு இந்தக் கணக்கு எவ்வளவு கெதியாகத் தீரும் என்று யோசித்துப் பாருங்கள்.

சூட்டோடு நிற்பதுமில்லை. தண்ணியின் உப்பு கூலரை அரித்துத் துளை போட்டால் எண்ணெயும் தண்ணியும் கலக்கும். பருத்தித்துறைப் பக்கத்துச் சனி ஒன்றின் பானைக் கழற்றியபோது, நல்லூரடியில் விற்கிற ரோஸ் ஐஸ்கிறீம் உருகி வழிந்தமாதிரி வந்தது. அந்தக் காருக்கும் ஏற்கெனவே இரண்டு விதமான போத்தல் ஊற்றியிருந்தார்கள். ஒன்று அதிர்வுக்கு, ஒன்று வழுக்கலுக்கு. ஒன்று பிடியைக் குறைப்பது, மற்றது கூட்டுவது. நடுவில் தண்ணி, தாளை உருக்கோடு ஒட்டியிருக்கிற பசையை ஊறவைத்துப் பிய்த்துக்கொண்டிருந்தது. வால்வ் பொடியைத் திறந்தால் உரிந்த தாள் துகள்கள் துவாரமெல்லாம் அடைத்துக் கிடந்தன.

"நாங்கள் எவ்வளவு மருந்து விட்டம், ஒண்டும் கேக்கேல்லையே" என்று சொந்தக்காரரின் மகன் ஆதங்கப்பட்டான்.

"தம்பி, ஒருக்காலெண்டாலும் றேடியேற்றர் மூடியைத் திறந்து பாத்தனீங்களோ?"

மூடியின் உட்பக்கத்தில் இளஞ்சிவப்புப் பசை ஒட்டியிருந்தது. மாதக்கணக்காக அது அங்கே இருந்திருக்கும். மழைத்தண்ணி, இல்லாவிட்டால் பற்றறிக்கு விடுகிற தண்ணியோடு கூலன்ற் கலந்து விடுங்கள் என்று அன்றிலிருந்து கராஜ் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். எழுத்து நல்ல பெரிசு. வாசித்துவிட்டுக் கிணற்றடி எங்கே என்று கேட்கிறவர்களும் உண்டு.

எண்ணெய் மாற்றுவதைப் பற்றி ஊரில் ஒரு பயம் இருக்கிறது: பழைய எண்ணெயை மாற்றினால் பெட்டி போய்விடும் என்று. மாற்றச் சொன்னால் மாட்டேன் என்பவரே போத்தலை ஊற்றுங்கள் என்பார். பயத்தில் ஒரு துளி உண்மை உண்டு. தாள் ஏற்கெனவே தேய்ந்து முடிந்த பெட்டியில், எண்ணெய்க்குள் மிதக்கிற தேய்மானத் தூள்தான் கொஞ்சம் பிடியைக் கொடுத்துக்கொண்டிருக்கும். அதை மெசினால் அடித்துக் கழுவி எடுத்தால் மறுநாள் கார் நகராது. ஆனால் அது எண்ணெய் மாற்றினதால் செத்த பெட்டியல்ல, மாற்றப் பிந்தினதால் செத்த பெட்டி. நான் மெசின் கழுவல் செய்வதில்லை. பானைக் கழற்றினால் பாதிக்கும் குறைவாகத்தான் வடியும். மிச்சம் ரோர்க் கொன்வேர்ட்டருக்குள் நிற்கும். வடிந்த அளவுக்குப் புதுசு விட்டு, சில நூறு கிலோமீற்றர் ஓடவிட்டு, மறுபடி வடித்து விடுவேன். இரண்டு மூன்று தரத்தில் பெரும்பகுதி மாறிவிடும். குச்சி எண்ணெயை வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்தால், நல்ல எண்ணெய் சிவப்பாகப் பரந்து ஊறும். வெந்த எண்ணெய் நடுவில் கறுத்த புள்ளியாக நின்றுகொள்ளும். கரிந்த மணம் வந்தால் நான் எண்ணெயையும் மாற்றமாட்டேன், போத்தலும் ஊற்றமாட்டேன். சொந்தக்காரரை இருத்தி வைத்துக் கதைப்பேன்.

எண்ணெயின் நிறத்தைப் பார்த்து வாங்குகிறவர்களோடு எனக்கு ஓயாத சண்டை. சிவப்பு வெறும் சாயம். பீப்பாவிலிருந்து அளந்து விற்கிற மலிவு எண்ணெயும் சிவப்பு, ரொயோட்டாவின் ரி-4உம் சிவப்பு, டபிள்யூ.எஸ்.உம் சிவப்பு. டபிள்யூ.எஸ். தண்ணிப் பதமானது, ரி-4 கேட்கிற பழைய பெட்டிக்கு அதை விட்டால் பொருந்தாது. வேறு எண்ணெய் விட்டால் கியர் மாறும் தன்மை கெட்டு, அதிர்ந்து, பெட்டியே பழுதாகும் என்று ரொயோட்டாக் கைநூல் எச்சரிக்கிறது. யப்பானிலிருந்து வந்த காரின் கைநூல் யப்பான் மொழியில் இருக்கும், ஆர் வாசிப்பது? ஆனால் பல கார்களில் எண்ணெய்க் குச்சியின் உடம்பிலேயே எண்ணெயின் பெயர் பொறித்திருக்கும். துணியால் துடைத்து வெயிலில் சரித்துப் பிடித்தால் தெரியும். குச்சியே இல்லாத புதுப் பெட்டிகளில் அளவு பார்ப்பது இன்னும் நுட்பம்: காரை மட்டமாகத் தூக்கி, எண்ணெய் 40 பாகையளவில் இருக்கையில், எஞ்சின் ஓட ஓட அடி நட்டைத் திறந்து, வழிந்து சொட்டாக நிற்கிறபோது பூட்ட வேண்டும். இதைச் செய்யாமல் உத்தேசமாக நிரப்பின கார்கள் 'கியர் பிழை' என்று என்னிடம் வருவதுண்டு. அவற்றில் சிலவற்றுக்கு அளவைச் சரியாக்கினதைத் தவிர நான் வேறொன்றும் செய்ததில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து ஒரேயடியாக முந்நூற்றறுபதுக்குப் போனது. கொம்பனி எண்ணெய் ஒரு கான் வாங்குவதற்கு ஆட்கள் இரண்டு மாதம் யோசித்தார்கள். கார்களின் விலை ஏறியது, கிழட்டுக் கார்களுக்கும் மவுசு வந்தது, ஒருவரும் எதையும் கழிக்கத் தயாராக இல்லை. தொண்ணூறுகளின் கலவைக் கை மறுபடி எழும்பினது அப்போதுதான். பவர் ஸ்ரியறிங் எண்ணெயை ஒட்டோ பெட்டிக்குள் விட்டவர்கள், ரி-4ஐயும் டெக்ஸ்ரனையும் பாதி பாதி கலந்தவர்கள், எஞ்சினுக்கு விடுகிற மருந்தையே கியருக்கும் விட்டவர்கள், எல்லோரும் வந்தார்கள். அவர்களை ஏச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் நான் ஆளாளுக்குச் சொன்னது, போத்தல் வாங்குகிற காசுக்கு ஒரு லீற்றர் சரியான எண்ணெய் வாங்குங்கள், ஒரு லீற்றரை மாற்றினாலும் ஒரு லீற்றர் நல்லது என்று. மெய்யாகவே பலர் அப்படிச் செய்தார்கள். மாதம் ஒரு லீற்றர், தவணைக்குப் போல.

வடித்த எண்ணெயை முன்பெல்லாம் வேலிக்கரையில் கறையானுக்கு ஊற்றுகிற பழக்கம் எங்கும் இருந்தது. சுன்னாகத்தில் மின் நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதந்து, அது நீதிமன்றம் வரை போய், 2019இல் உச்ச நீதிமன்றம் நட்டஈடு கட்டச் சொன்ன பிறகு, அக்கம்பக்கத்தாரே கராஜுக்கு வந்து எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். சுண்ணாம்புக்கல்லில் ஊற்றினது எந்தக் கிணற்றில் எழும்பும் என்று ஆரும் சொல்ல ஏலாது. இப்போது மூடி போட்ட பீப்பாவில் சேர்த்துக் கொடுக்கிறேன். மருந்துப் போத்தலின் மிச்சமும் அதற்குள்தான்.

2025 பெப்ரவரியில் இறக்குமதி மறுபடி திறந்தது. இப்போது வாசலில் நிற்பவை பெரும்பாலும் ஹைபிறிட். அக்குவா, பிறியஸ் போன்ற ரொயோட்டா ஹைபிறிட்டுகளின் பெட்டிக்குள் வழுக்குகிற கிளச்சும் இல்லை, பட்டியும் இல்லை. கோள் பற்சக்கரத் தொகுதியும் இரண்டு மின் மோட்டோர்களும்தான். எண்ணெய் அந்த மோட்டோர்களின் செப்புச் சுருள்களைத் தொட்டு ஓடிக் குளிர்விக்கிறது, அதனால் அது மின்சாரம் கடத்தாததாகவும் இருக்க வேண்டும். போன கிழமை மானிப்பாயிலிருந்து ஒரு பெடியன் அக்குவா கொண்டுவந்தான். மாமா கொண்டுவந்து கொடுத்த போத்தல் சீற்றில் கிடந்தது.

"அண்ணை, இதுக்குள்ளை கிளச்சே இல்லையெண்டால் இது என்னத்தைத் திருத்தும்?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

"அப்ப என்ன வாங்கிக்கொண்டு வர?"

"டபிள்யூ.எஸ். நாலு லீற்றர் எடும். மூண்டரைக்குள்ளை முடியும், மிச்சத்தைக் கொண்டு போகலாம். அடி நட்டுக்கு வாசர் ரண்டு. போத்தலை மாமாட்டைத் திருப்பிக் குடும். கனடாக் கடையிலை துண்டு இருந்தால் காசு திருப்பித் தருவாங்கள்."